ஏலகிரி சுவாமிமலைக்கு ஒரு பகல் நடை: இறங்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து 6 பேர், டிசம்பர் கடைசி ஞாயிறு, விடியலில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும், கூட வரும் அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், இதுவரை யாரும் மலைக்காட்டுப் பாதையில் நடந்ததில்லை. ஏலகிரியா, ஜவ்வாதா, பர்வதமலையா எது சரி, மேலே போனால் ஆக்சிஜன் குறையுமா, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று மலைகளிலும் பல வருடமாக நடக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆக்சிஜன். இந்தக் கவலையை இப்போதே விட்டுவிடுங்கள், கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி எல்லாம் சாதாரணமாக 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆரம்பிக்கும். சுவாமிமலை உச்சி சுமார் 1,300 மீட்டர்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே பஸ்ஸில் போய் இறங்கி நடக்கிறோம், யாரும் மூச்சுத் திணறி விழுவதில்லை. நம் ஊர் மலைகளில் மூச்சு வாங்குகிறது என்றால் பழக்கமில்லாத கால்கள் வேகமாக ஏறுகின்றன என்று பொருள், நின்று இரண்டு நிமிடம் கழித்துப் போனால் சரியாகிவிடும். உயரம் நமக்குச் செய்வது ஒன்றுதான்: குளிர். 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறையும், அதனால் வேலூரை விட உச்சியில் ஏழு டிகிரி குறைவாக இருக்கும், டிசம்பர் காலையில் பனியும் காற்றும் சேர்ந்தால் அப்பாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துண்டும் வேண்டும். ஏற ஆரம்பித்த கால் மணி நேரத்தில் வியர்த்துவிடும், அப்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள், நனைந்த ஸ்வெட்டரோடு உச்சிக் காற்றில் உட்கார்ந்தால் நடுங்கவேண்டியதுதான்.

எந்த மலை என்பதற்கு என் பதில் ஏலகிரி சுவாமிமலை. பர்வதமலை அருமையான மலை, நான் அதை ரொம்ப மதிக்கிறேன். ஆனால் அங்கே தென்மகாதேவமங்கலம் பக்கமிருந்தோ கடலாடி பக்கமிருந்தோ அடிவாரத்திலிருந்தே முழு மலையையும் ஏற வேண்டும், மேலே போகப் போகக் கடப்பாரைப் படி, ஏணிப்படி என்று கம்பியையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் செங்குத்துப் பாறை வரும். ஏறும்போது பக்தியும் உற்சாகமும் தூக்கிக்கொண்டு போய்விடும், இறங்கும்போது முழங்கால் நடுங்கும். முதல் தடவைக்கு, அதுவும் அப்பாவோடு, வேண்டாம். ஜவ்வாது மலை பெரிய மலை, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்று மாவட்டத்துக்கும் பொது. அங்கே ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதைகள் பிரிந்து பிரிந்து போகும், சாமை வயல், பலா, சீத்தாப்பழம், நடுவில் சட்டென்று காடு என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் வழி தெரிந்த ஆள் இல்லாமல் நடக்கும் இடம் அல்ல, செல்போன் சிக்னலும் பாதி இடத்தில் கிடைக்காது. இரண்டாவது, மூன்றாவது நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவாமிமலையில் உள்ள வசதி, பாதி உயரத்துக்கு மேல் வண்டியே ஏற்றிவிடும். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருப்பார்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் எண்ணிக்கொண்டே வரலாம். மேலே ஊரே சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மங்கலம் கிராமத்துப் பக்கம் நடையை ஆரம்பித்தால் மீதி ஏற வேண்டியது ஏறக்குறைய 300 மீட்டர். பாதை மரக்காட்டுக்குள் போகும், நிழல் உண்டு, மேலே பாறையில் நின்றால் கீழே சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும், வாகான நாளில் எதிரே ஜவ்வாது மலைத்தொடர் நீலமாக நிற்கும்.

அனுமதி. இதில் ஒரு துளி கூட விட்டுக்கொடுக்காதீர்கள். தெரிந்த பையன் கூட்டிப் போவான், கேட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன குழு காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று ஆரம்பித்து மாநிலம் முழுக்க 40 பாதைகளை ஆன்லைனில் முன்பதிவு செய்யும்படி வைத்தது, ஏலகிரி சுவாமிமலையும் அந்தப் பட்டியலில் உண்டு. கூட வழிகாட்டி வருவார், பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும், அவர் வயது உங்களில் பாதியாக இருந்தாலும் சரி. டிசம்பர் கடைசி விடுமுறைக் கூட்டம், அதனால் இன்றைக்கே இடம் இருக்கிறதா பாருங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள், தள்ளிப்போட்டால் அதையும் கணக்கில் வையுங்கள். காய்ந்த இலையில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும், மேலிருக்கும் புல்லைத் தீயின் சூடே முன்கூட்டிக் காய வைத்துவிடும், மனிதன் அதை முந்தி ஏற முடியாது. டிசம்பரில் அந்தப் பயம் குறைவுதான், இருந்தாலும் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் பையில் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் என்னிடம் எத்தனை மணிக்கு ஏறலாம் என்றுதான் கேட்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று யாரும் கேட்பதில்லை. மலை நடையை இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். 2015 ஜனவரியில் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் 8 பேர் போனோம். வாணியம்பாடியில் நிதானமாக டிபன் முடித்து, ஆரம்பிக்கும்போதே பத்தரை. ஒன்றரை மணிக்கு உச்சிக்கு இன்னும் அரை மணி என்றார்கள், இரண்டேகாலுக்கும் அதே அரை மணிதான். எதிரே விறகுக் கட்டோடு இறங்கிய ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்று, “எங்க போறீங்க தம்பி, இதுக்கு மேல மலைக்கு வேல இல்ல, எறங்கிடுங்க”ன்னு சொன்னார். நாங்கள், “சீக்கிரம் வந்துடுவோம் பெரியப்பா” என்று சொல்லி மேலே போனோம். உச்சியைத் தொட்டோம், உண்மைதான். இறங்கும்போது பாதி வழியில் இருட்டிவிட்டது, தண்ணீர் நாலு மணிக்கே தீர்ந்துவிட்டது, ஒரு நண்பனுக்குக் கணுக்கால் மடங்கி இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான், 8 பேருக்கும் சேர்த்து 2 செல்போன் வெளிச்சம். ஊர் விளக்கு தெரிந்தபோது மணி எட்டே கால். கீழே அதே பெரியவர் திண்ணையில் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார், இன்னும் கால் மணியில் வராவிட்டால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தேடி வருவதாக இருந்ததாம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கப்புறம் திரும்பும் நேரத்தை எழுதி வைக்காமல் நான் எந்த மலையிலும் கால் வைத்ததில்லை.

கணக்கு இப்படி. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன விதி ஒன்று இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஒரு உதாரணத்துக்கு, ஒரு வழி 3 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்தால் 36 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி ஆறு நிமிடம் வரும். ஆனால் அது நல்ல கால் உள்ளவர்களுக்கு, நிற்காமல் போனால். பழக்கமில்லாத கூட்டம், நடுவில் போட்டோ, அப்பாவின் நடை, கல் பாதை எல்லாம் சேர்த்து நான் இரண்டு மடங்கு போடுவேன். ஆக ஏற 2 மணி 15 நிமிடம், மேலே முக்கால் மணி, இறங்க ஒன்றே முக்கால். மொத்தம் 4 மணி 45 நிமிடம். இறக்கம் என்பதால் நேரத்தைப் பாதியாகக் குறைக்கக் கூடாது, டிசம்பரில் சருகு மூடிய கூழாங்கல் மேல் கால் வழுக்கும், மெதுவாகத்தான் வர முடியும்.

அந்த வாரத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.30, மறைவது ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னால். காட்டுக்குள் வெளிச்சம் அதற்கு முக்கால் மணி முன்பே போய்விடும். அதனால் 3 மணிக்கு எல்லாரும் அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று வையுங்கள், மீதி உங்கள் கையிருப்பு, கணுக்கால் மடங்கினால் செலவழிக்க. 7.30-க்கு நடை ஆரம்பித்தால் கணக்குப்படி 12.15-க்கே கீழே வந்துவிடுவீர்கள். 10.30 ஆனால் எங்கே இருந்தாலும் நின்று பாருங்கள், உச்சி கண்ணில் பட்டும் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். இதை முதல் நாளே 6 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே போய் ஓட்டுப் போட்டால் எப்போதும் “இன்னும் கொஞ்ச தூரம்தான்” கட்சிதான் ஜெயிக்கும்.

7.30-க்கு அங்கே நிற்க வேண்டுமானால் சத்துவாச்சாரியில் 4.45-க்கு வண்டி நகர வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பொன்னேரி வழி சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு, இரண்டே கால் மணி நேரம். ரயிலில் வந்தால் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ், ஆனால் இந்த நேரக் கணக்குக்கு அது ஒத்துவராது, ரயில்தான் வேண்டும் என்றால் சனிக்கிழமையே போய் ஏலகிரியில் தங்கிவிடுங்கள். அப்பாவுக்கு அது இன்னும் நல்லது, தூக்கம் கெடாது. வனத்துறை வேறு நேரம் கொடுத்தால் அந்த நேரத்தை வைத்து மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

அப்பாவைப் பற்றி. கூட்டி வாருங்கள், தயங்காதீர்கள், 58 ஒரு வயதே இல்லை. ஆனால் போவதற்கு ஒரு வாரம் முன்பு அவருடைய டாக்டரிடம் 5 மணி நேர மலை நடை என்று தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையில் சில வகை, உதாரணமாகக் கிளிமிபிரைடு, அப்புறம் இன்சுலின், இவற்றைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கிவிடலாம். அன்றைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகவே நிறுத்தக் கூடாது. காலை டிபனைத் தவறவிடாமல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துக்கொண்டே வாருங்கள். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல், இதில் எது தெரிந்தாலும் உடனே உட்கார வைத்து மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் பாருங்கள், தேறாவிட்டால் இன்னொரு முறை. குளுக்கோஸ் பொட்டலம் அவர் சட்டைப் பையில் ஒன்று, பின்னால் வருபவர் பையில் ஒன்று. நடை முடிந்ததும் அவர் பாதத்தை நீங்களே பாருங்கள், கொப்புளம் வந்தால் சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் வலியே தெரியாது. இன்னொன்று, கூட்டத்தின் வேகத்தை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரை முன்னால் நடக்க விடுங்கள், வழிகாட்டிக்கு அடுத்தபடி. பின்னால் விட்டால் மற்றவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்து, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். கனமாக இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும், குடிக்கக் குடிக்கக் குறையும். டிசம்பரில் ஓடையில் தண்ணீர் ஓடினாலும் அப்படியே குடிக்காதீர்கள், மேலே மாடு மேய்கிறது. ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு இரண்டு. சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், புளி சாதம், அவித்த மல்லாட்டை, கடலை மிட்டாய், ஆரஞ்சு. ஆம்பூர் வழியாகத்தானே போகிறோம் பிரியாணி பார்சல் வாங்கிக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், அதைத் திரும்பி வரும்போது இறங்கிச் சாப்பிடுங்கள், எண்ணெய்ச் சாப்பாட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏறுவது வேதனை. இலை, பிளாஸ்டிக் எல்லாம் திரும்பப் பையில் வர வேண்டும், ஆரஞ்சுத் தோல் கூட. குரங்குக்கு ஒன்றும் போடாதீர்கள்.

ஷூ விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் தவறாமல் ஒரு தப்புப் பண்ணுவார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலை இருக்கிற ஊர், மலிவாக நல்ல ஷூ கிடைக்கிறது என்று முந்தின நாள் வாங்கி மறுநாள் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டு கிலோமீட்டரில் குதிகால் உரிந்துவிடும். பழகிய, அடிப்பகுதி தேயாத ஸ்போர்ட்ஸ் ஷூ போதும், கால் விரல் நகத்தை முந்தின நாள் வெட்டுங்கள், இறங்கும்போது நகம் ஷூவின் முனையில் இடிக்கும். கைக்கு ஒரு மூங்கில் தடி, அப்பாவுக்கு இரண்டு. இன்னும் மூன்று வாரம் இருந்தால் வாரம் இரண்டு நாள் ரத்தினகிரி படியோ வள்ளிமலைப் படியோ ஏறி இறங்குங்கள், குறிப்பாக இறங்குவதை நிதானமாகப் பழகுங்கள். மறுநாள் தொடை வலிப்பது இறக்கத்தால்தான்.

டார்ச் ஆளுக்கு ஒன்று, பகல் நடைதானே என்று விட்டுவிடாதீர்கள். மேப்பை முன்பே போனில் இறக்கி வையுங்கள். போகிற பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, 5 மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். 108 ரோடு வரைதான் வரும், அங்கே வரை தூக்கி வருவது நம் வேலை.

கரடி உண்டு, ஏலகிரியிலும் ஜவ்வாதிலும். கரடி நம்மைத் தேடி வராது, திடீரென்று எதிரே நின்றால்தான் பாயும். வளைவில் புதர் அடர்ந்த இடத்தில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள், அது கேட்டு ஒதுங்கிவிடும், பாட்டுப் போடத் தேவையில்லை. பார்த்துவிட்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்னால் வாருங்கள். எனக்குக் கரடியை விட மலைத்தேனீயிடம்தான் பயம். பாறை இடுக்கில் பெரிய கூடு தொங்கும், அந்த இடத்தில் சென்ட், புகை, சத்தம், கல்லெறிதல் எதுவும் ஆகாது. கலைந்துவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்காமல் தூரம் ஓடுங்கள். பாம்புக்குப் பயந்தால் கையையும் காலையும் பார்க்காத இடத்தில் வைக்காமல் இருந்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசியில் ஓயும் காலம், ஆனால் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானால் ஏலகிரியில் பாறை எல்லாம் பாசிபிடித்து வழுக்கும். வெள்ளிக்கிழமை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மழை என்றால் தேதியை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, வேலூர்ப் பக்கத்தவர்கள் கட்டாயம் தெரிந்துவைக்க வேண்டியது. மழை முடிந்த இந்த மாதங்களில்தான் புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நம் மாவட்டத்தில் நிறைய வருகிறது. முழுக்கை சட்டை, முழு பேண்ட், பேண்ட் முனையை சாக்ஸுக்குள் செருகி நடங்கள், புல்லில் நேராக உட்காராமல் ஒரு விரிப்புப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளியுங்கள். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தில் வலி இல்லாமல் சிகரெட் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு வரும், சிலருக்கு அதுவும் தெரியாது. இரண்டு, மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி வந்தால் இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய், முதல் வார்த்தையாக மலைக்காட்டுக்குப் போய் வந்தேன் என்று சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளினில் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு உதவும்.